விலக்கும் கொள்வகையும்: ஆட்டிசம், கற்றல் குறைபாடு உடையோரின் கல்வியும் பணியும் நன்னூல் கற்பித்தல் நெறியின் நோக்கில்

ஆய்வுச் சுருக்கம்

ஆட்டிசம், கற்றல் குறைபாடு ஆகிய நிலைகளில் உள்ளோர் கல்வியிலும் பணியிலும் நிலைபெறுவது அவர்தம் குறையின் அளவை மட்டும் பொறுத்ததன்று. அவர்கள் பொருளை எவ்வகையில் ஏற்கின்றனர் என்பதைக் கற்பிப்போரும் பணி தருவோரும் அறிந்து நடப்பதையே அது பெரிதும் பொறுத்துள்ளது. இக்கருத்தை நன்னூல் பொதுப்பாயிரம் கூறும் கற்பித்தல் நெறியின் துணையோடு இக்கட்டுரை ஆராய்கின்றது. ஆட்டிச ஆய்வு வரலாற்றில் முதலாமவராகப் பதிவு பெற்ற டொனால்டு டிரிப்லெட்டின் வாழ்க்கை, தமிழ் எழுத்துமுறை வாசிப்புக் குறைபாடுடைய மாணவர்முன் வைக்கும் இடர்கள், மொழிப்பாட விலக்கு, பணியிட மொழி ஆகியவை ஆய்வுப் பொருளாகின்றன. தமிழ்ப் பாடத்திலிருந்து விலக்கு அளிப்பது உடனடித் துயரைக் குறைக்கும் எனினும், தமிழைக் கற்பிக்கும் முறையை மாற்றும் கடமையிலிருந்து தமிழ்க் கல்வியாளரை அது விடுவிப்பதில்லை என்பது இக்கட்டுரையின் முடிவாகும்.

திறவுச்சொற்கள்: ஆட்டிசம், கற்றல் குறைபாடு, வாசிப்புக் குறைபாடு, நன்னூல், கொள்வகை, மொழிப்பாட விலக்கு, இரட்டை வழக்கு.

1. முன்னுரை

இந்தியாவில் 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே ஏற்றது. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அவற்றுள் இடம்பெறவில்லை. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசத்தைச் சேர்த்துக்கொண்டது. கற்றல் குறைபாடு அப்போதும் வெளியிலேயே நின்றது. 2016ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பட்டியலை 21 வகையாக விரித்து இரண்டையும் உள்ளடக்கியது. உயர்கல்வியில் 5 விழுக்காடும் அரசுப் பணியில் 4 விழுக்காடும் ஒதுக்கீடு செய்ய அச்சட்டம் வழிவகுத்தது.

சட்டம் வாயிலைத் திறந்துவிட்டது. ஆயின் உள்ளே நுழைந்த மாணவருக்கு வகுப்பறை எதை அளிக்கின்றது என்பது வேறு வினா. இவ்வினாவுக்கு இரு வகையான விடைகள் நடைமுறையில் உள்ளன. கடினமானதை மாணவரிடமிருந்து அகற்றிவிடுவது ஒன்று. அதனை மாணவர் ஏற்கும் வகையில் மாற்றித் தருவது மற்றொன்று. முன்னதை 'விலக்கு' எனவும் பின்னதைக் 'கொள்வகை' எனவும் இக்கட்டுரை குறிக்கின்றது. கற்போர் ஒரு பொருளை உள்ளத்தில் வாங்கிக்கொள்ளும் முறையைக் குறிக்கும் 'கொள்வகை' என்ற சொல் நன்னூலிலிருந்து எடுத்தாளப்படுகின்றது.

ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் ஒன்றல்ல. ஆட்டிசம் சமூக உறவாடல், கருத்துப் பரிமாற்றம், புலனுணர்வு, விருப்ப ஈடுபாடு ஆகியவற்றில் தோன்றும் வளர்ச்சி வேறுபாடாகும். கற்றல் குறைபாடு என்பது பொது அறிவாற்றலில் குறைவின்றியே வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றுள் ஒன்றிலோ பலவற்றிலோ நிலைத்து நிற்கும் இடர்ப்பாடாகும். இவை ஒருவரிடமே சேர்ந்து அமைவதும் உண்டு. இரு நிலையினரும் ஒரே பாடத்திட்டம், ஒரே தேர்வு, ஒரே நேர்காணல் என்னும் அளவுகோல்களால் அளக்கப்படுவதே அவர்களை ஒருசேர ஆராய்வதற்குரிய காரணமாகின்றது.

2. நன்னூலில் இரு குரல்கள்

பவணந்தி முனிவரின் நன்னூல் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இலக்கண நூல். அதன் பொதுப்பாயிரம் நூலின் இயல்பு, ஆசிரியர் இயல்பு, கற்பிக்கும் முறை, மாணவர் இயல்பு, கற்கும் முறை ஆகியவற்றை வகுத்துக் கூறுகின்றது. மாணவரை நோக்கும் முறையில் அதனுள் ஒன்றோடொன்று முரணும் இரு குரல்கள் கேட்கின்றன.

முதற்குரல் வகைப்படுத்தி ஒதுக்குகின்றது. மாணவரை அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக்குடம், ஆடு, எருமை, பன்னாடை என எட்டு உவமைகளால் தலை, இடை, கடை எனப் பகுக்கின்றது. நூல் கற்பிக்கத் தகாதோர் எனப் பதினைந்து வகையினரைச் சுட்டும் இடத்தில் சோம்பேறி, திருடன், சினமுடையோன் ஆகியோருடன் பிணியனும் மந்தனும் இடம்பெறுகின்றனர். பழைய நூல்களின் கடுமை கண்டு அஞ்சித் தடுமாறும் உள்ளத்தோனும் அவ்வரிசையில் வைக்கப்படுகின்றான். ஒழுக்கக் குறையும் உடற்குறையும் அறிவின் வேகக் குறையும் ஒரே பட்டியலில் நிற்பது இங்குக் கருதத்தக்கது. எழுத்தைக் கண்டு தடுமாறும் சிறுவனைச் சோம்பேறி என வையும் இன்றைய வகுப்பறை வழக்கமும் இதே கலப்பின் தொடர்ச்சியாகும்.

இரண்டாம் குரல் ஆசிரியரை நோக்கிப் பேசுகின்றது. கற்பிக்கும் ஆசிரியர் விரைதல் ஆகாது, வெகுளுதல் ஆகாது, முகமலர்ச்சியோடு விரும்பிச் சொல்ல வேண்டும், கேட்போர் எவ்வகையில் ஏற்பர் என்பதை அறிந்து அவர் உள்ளம் கொள்ளும்படி அளிக்க வேண்டும் என அது விதிக்கின்றது. ஒரு நூலை மீண்டும் கேட்கும்போது பிழை குறையும் எனவும், மூன்றாம் முறை கேட்டபின் பிறர்க்கு எடுத்துரைக்கும் திறன் வாய்க்கும் எனவும் கூறுகின்றது. ஆசிரியர் உரையால் மட்டும் பெறுவது கல்வியில் காற்பங்கே எனவும், உடன் பயில்வோரால் ஒரு காற்பங்கும் பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய பாதியும் நிரம்பும் எனவும் கணக்கிடுகின்றது.

முதற்குரலில் குறை மாணவனிடத்தே நிலைபெற்று நிற்கின்றது. இரண்டாம் குரலில் கற்றல் என்பது கொடுக்கும் முறைக்கும் கொள்ளும் முறைக்கும் இடையிலான பொருத்தமாகின்றது. பொருத்தம் தவறும்போது திருத்தப்பட வேண்டியது எது என்ற வினாவை இது திறந்து வைக்கின்றது. உடன் பயில்வோரின் காற்பங்கை ஏற்றுக்கொண்டால், குறைபாடுடைய மாணவரைத் தனியறையில் பிரித்து வைப்பது அவருக்குரிய கல்வியின் ஒரு பகுதியைப் பறிப்பதாகவும் முடியும். எட்டு நூற்றாண்டுகளுக்கு முற்பட்ட நூலில் இன்றைய மருத்துவப் பகுப்புகளைத் தேடுவது பொருந்தாது. எனினும் கற்பித்தலின் பொறுப்பு யாரிடம் உள்ளது என்ற வினா இரு காலத்துக்கும் பொதுவானது.

3. பெயரிடலும் பார்வையும்

ஆட்டிசத்தைக் குறிக்கத் தமிழில் 'மதியிறுக்கம்', 'புற உலகச் சிந்தனைக் குறைபாடு' முதலான தொடர்கள் வழங்குகின்றன. முன்னது அறிவே இறுகிப்போனது என்ற எண்ணத்தைத் தருகின்றது. பின்னது புறவுலகைப் பற்றிய சிந்தனை குறைந்தவர் என்ற முடிவைப் பெயரிலேயே ஏற்றிவிடுகின்றது. ஆட்டிசம் உடையோர் பலர் புறவுலகின் ஒலி, ஒளி, தொடுகை ஆகியவற்றைப் பிறரினும் மிகையாக உணர்கின்றனர் என்பதை நோக்க, இப்பெயர் உண்மைக்கு மாறான திசையைக் காட்டுகின்றது எனலாம். ஆட்டிசம் என்னும் மூலச்சொல்லும் இக்குறையிலிருந்து தப்பவில்லை. தான் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிளாய்லர் என்னும் சுவிட்சர்லாந்து மருத்துவர் மனச்சிதைவு நோயாளரை விளக்க ஆக்கிய சொல் அது. ஆயினும் இன்று தமிழ்ப் பெற்றோரிடையே பரவலாக வழங்குவது அச்சொல்லே ஆதலின், தீர்ப்பு ஏற்றாத பெயராக அதனையே இக்கட்டுரை ஆள்கின்றது. யெஸ். பாலபாரதியின் 'ஆட்டிசம்: சில புரிதல்கள்' என்ற நூலின் தலைப்பும் இவ்வழக்கையே பின்பற்றுகின்றது.

வாசிப்புக் குறைபாட்டின் வரலாற்றிலும் பெயர் பார்வையை மாற்றியுள்ளது. 1896இல் பிரிங்கிள் மார்கன் என்னும் ஆங்கிலேய மருத்துவர், அறிவுக்கூர்மை மிக்க 14 வயதுச் சிறுவன் ஒருவன் எழுத்துகளை வாசிக்க இயலாதிருப்பதைப் பதிவு செய்தார். பாடம் முழுவதும் வாய்மொழியாக அமைந்தால் பள்ளியிலேயே அவன்தான் முதல்வனாக இருப்பான் என்ற ஆசிரியரின் கருத்தும் அப்பதிவில் உள்ளது. கற்கும் ஆற்றலும் எழுத்து வழிக் கற்கும் ஆற்றலும் வெவ்வேறானவை என்ற உண்மை இவ்வாறு தொடக்கத்திலேயே வெளிப்பட்டுவிட்டது. கேள்விச் செல்வத்தைப் போற்றிய தமிழ் மரபுக்கு இவ்வேறுபாடு புதியதன்று. 1963இல் அமெரிக்கக் கல்வியாளர் சாமுவேல் கிர்க் 'கற்றல் குறைபாடு' என்னும் பொதுப்பெயரை முன்வைத்தபின், இந்நிலை கல்வித்துறையின் கடமையாகவும் உணரப்பட்டது.

4. ஒரு வாழ்க்கைச் சான்று

கொள்வகை அறிந்த சூழல் ஒருவரது கல்வியையும் பணியையும் எவ்வளவு தூரம் கொண்டுசெல்லும் என்பதற்கு ஆட்டிச ஆய்வின் முதற்பதிவே சான்றாகின்றது. 1943இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சார்ந்த லியோ கானர், 11 சிறார்களைப் பற்றிய ஆய்வுக்கட்டுரையை வெளியிட்டார். அதில் முதலாமவராக இடம்பெற்றவர் மிசிசிப்பி மாநிலத்தின் ஃபாரஸ்ட் என்னும் சிற்றூரில் 1933இல் பிறந்த டொனால்டு டிரிப்லெட். பிறரை நோக்காமை, கேட்ட சொற்களையே திருப்பிச் சொல்லுதல், எண்ணுவதிலும் அளப்பதிலும் தணியாத ஈடுபாடு ஆகியன அவரிடம் காணப்பட்டன.

டொனால்டு 9ஆம் வயதில் ஊருக்கு அருகிலிருந்த ஓர் உழவர் இல்லத்தில் தங்க வைக்கப்பட்டார். அங்கு நிகழ்ந்ததைக் கானர் பின்னர் விளக்கியுள்ளார். எதையும் அளந்துகொண்டே இருந்த சிறுவனிடம் கிணறு தோண்டி அதன் ஆழத்தைக் கூறும் பணியை உழவர் ஒப்படைத்தார். சோளப்பயிரின் வரிசைகளை ஓயாது எண்ணியவனிடம் ஏரைக் கொடுத்து, உழுதுகொண்டே எண்ணச் செய்தார். விசித்திரம் எனப் பிறர் கருதிய இயல்பை அடக்காமல் அதனையே வேலையாக மாற்றியதே அவ்வுழவரின் கற்பித்தல் முறை. அருகிலிருந்த நாட்டுப்புறப் பள்ளியும் சிறுவனின் தனித்தன்மைகளைப் பொறுத்து ஏற்றது. டொனால்டு மில்சாப்ஸ் கல்லூரியில் 1958இல் பட்டம் பெற்றார், சொந்த ஊர் வங்கியில் பணியாற்றினார், கோல்ஃப் ஆடினார், பல நாடுகளுக்குத் தனியே பயணம் செய்தார். 2023இல் 89ஆம் வயதில் மறைந்தார்.

1971இல் கானர் அந்த 11 பேரின் பிற்கால நிலையைத் தொகுத்தார். அரசு மனநல விடுதிகளில் வளர்ந்தோர் பலர் முன்னிருந்த திறன்களையும் இழந்து ஒடுங்கியிருந்தனர். அவ்விடுதிகளில் சேர்க்கப்பட்டது ஆயுள் தண்டனைக்கு ஒப்பாக முடிந்தது என்னும் கருத்தை அவரே முன்வைத்தார். டொனால்டின் குடும்பம் செல்வ வளம் மிக்கது என்பதும், ஊர் வங்கியில் தாய்வழிக் குடும்பத்தார்க்கு உரிமை இருந்தது என்பதும் மறைக்கத்தக்கன அல்ல. அவ்வாய்ப்பு அனைவர்க்கும் அமைவதில்லை. ஆயின் அதுவே இங்கு வலியுறுத்தப்படும் கருத்துக்கு அரண் சேர்க்கின்றது: ஒரே பதிவில் இடம்பெற்ற சிறார்களின் வாழ்க்கை வேறுபட்டதில் சூழலுக்குப் பெரும்பங்கு இருந்தது. பணம் அக்குடும்பத்துக்கு வாங்கித் தந்த சூழலை ஏனையோர்க்குப் பொதுப்பள்ளியே அளித்தாக வேண்டும்.

5. தமிழ் எழுத்துமுறையும் வாசிப்புக் குறைபாடும்

உழவரிடம் சோளவரிசை இருந்ததுபோலத் தமிழாசிரியரிடம் இருப்பது தமிழ் எழுத்தும் சொல்லும். அவற்றின் அமைப்பு எங்கெங்கே இடர் தருகின்றது என அறிந்தாலன்றிக் கொள்வகைக்கேற்ற கற்பித்தல் அமையாது. வாசிப்புக் குறைபாடு பற்றிய ஆய்வுகளில் பெரும்பகுதி ஆங்கிலத்தை மையமாகக் கொண்டது. ஆங்கிலத்தில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு ஒழுங்கற்றது. தமிழில் அது பெரிதும் ஒழுங்குடையது. எனவே தமிழில் வாசிப்பது எளிது, தமிழ் வாசிக்கத் திணறுவோன் முயற்சியற்றவன் என்னும் எண்ணம் எழுகின்றது. இவ்வெண்ணம் மூன்று உண்மைகளைக் கருதத் தவறுகின்றது.

5.1 வடிவ நிலை

தமிழ் எழுத்துகள் 247இல் 216 உயிர்மெய்கள். இவற்றைத் தனித்தனி வடிவங்களாக மனத்தில் இருத்துவது வாசிப்புக் குறைபாடுடைய குழந்தைக்குப் பெருஞ்சுமை. மெய்வடிவத்தோடு உயிர்க்குறி சேர்வதாகப் பகுத்துக் காட்டினால் சுமை குறையும். ஆயின் உயிர்க்குறிகள் ஓரிடத்தில் நிற்பதில்லை. துணைக்கால் மெய்க்குப் பின்னும், கொம்பும் ஐகாரக் குறியும் மெய்க்கு முன்னும், ஒகர ஓகார ஔகாரக் குறிகள் இரு புறமும் அமைகின்றன. 'கொ' என்பதில் கண் முதலில் காண்பது உயிர்க்குறியை; வாய் முதலில் ஒலிப்பது மெய்யை. கண்ணின் வரிசையும் ஒலியின் வரிசையும் மாறுபடும் இவ்விடத்தில் தடுமாற்றம் தோன்றுவது இயல்பே.

உகர ஊகார வரிசைகளில் குறி ஒருமைப்பாடின்றி உள்ளது. கு, டு, மு ஆகியன ஒரு வகை. சு, பு, வு ஆகியன மற்றொரு வகை. து, நு, லு ஆகியன வேறொரு வகை. துணைக்காலும் ரகரமும் வடிவில் நெருங்கியவை. ளகர வடிவம் தனியெழுத்தாகவும் ஊகார ஔகாரங்களின் உறுப்பாகவும் ஔகார உயிர்மெய்க் குறியின் பகுதியாகவும் வருகின்றது. பெரியார் 1935இல் குடியரசு இதழில் கையாண்ட சீர்திருத்தத்தின் ஒரு பகுதியைத் தமிழ்நாட்டரசு 1978இல் ஏற்றபோது ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய 13 எழுத்துகள் சீர்பெற்றன. உகர ஊகாரச் சீர்மையை வா.செ. குழந்தைசாமி தொடர்ந்து வலியுறுத்தினார். அது நடைமுறைக்கு வரவில்லை. எழுத்துச் சீர்திருத்த விவாதம் அச்சு, தட்டச்சு, கணினி ஆகியவற்றின் நோக்கிலேயே பெரிதும் நிகழ்ந்தது. எழுத்தைக் கற்க இயலாது தவிக்கும் குழந்தையும் அவ்விவாதத்தில் ஒரு தரப்பாகும்.

5.2 ஒலி நிலை

வல்லின எழுத்து ஒவ்வொன்றும் இடத்திற்கேற்ப ஒலி மாறும். கல், அகம், அங்கம், அக்கம் ஆகியவற்றில் ககரம் ஒன்றே, ஒலிகள் வேறு. இம்மாற்றம் விதிக்கு உட்பட்டதாதலின் பெரும்பாலான குழந்தைகள் அதனை உணராமலே பழகுகின்றனர். ஒலிகளைப் பகுத்தறிவதில் இடருள்ள குழந்தைக்கு இது வெளிப்படையாகக் கற்பிக்கப்பட வேண்டும். பிறமொழிச் சொற்களில் விதியும் உடைகின்றது: குடம், குரு ஆகியவற்றின் முதலெழுத்து ஒன்றாயினும் ஒலிப்பு வேறு.

5.3 இரட்டை வழக்கு

பேச்சு வழக்குக்கும் எழுத்து வழக்குக்கும் உள்ள தொலைவே தமிழில் மிகப் பெரிய இடராகும். வீட்டில் 'கொட' எனக் கேட்ட சொல்லைக் குழந்தை 'குடை' என எழுத வேண்டும். 'கொடை' என எழுதினால் அது வேறு பொருள் தரும் சொல்லாகிவிடும். 'எடம்' என ஒலிப்பது 'இடம்' ஆகின்றது. 'வந்துக்கிட்டிருக்காங்க' என்பது 'வந்துகொண்டிருக்கிறார்கள்' என நீள்கின்றது. எழுத்தைக் கூட்டி வாசிக்கும் குழந்தை தான் ஒலித்த சொல் தனக்குத் தெரிந்த சொல்தான் என்பதை உணராமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். ஒட்டுகள் அடுக்கி நீளும் சொல்லமைப்பு இவ்விடரை மிகுவிக்கின்றது.

5.4 பிழை வகைகள்

மேற்கண்டவற்றின் அடிப்படையில் மாணவர் எழுத்துப் பிழைகளை மூன்றாகப் பகுக்கலாம். கறி, கரி எனவும் வாழை, வாளை எனவும் மயங்குவன வட்டார ஒலிப்பால் நேர்பவை. நகர னகர மயக்கமும் வல்லொற்று மிகுமிடப் பிழையும் எழுத்து மரபைப் பழகாமையால் நேர்பவை. இவ்விரண்டும் எல்லா மாணவரிடமும் காணப்படுவன. குறில் நெடில் மாறுதல், 'பட்டம்' என்பது 'படம்' என ஒற்று விடுபடல், 'தகவல்' என்பது 'தவகல்' என எழுத்து இடம்பெயர்தல், உயிர்க்குறியை மெய்க்குத் தவறான பக்கத்தில் இடுதல் ஆகியன மூன்றாம் வகை. போதிய பயிற்சிக்குப் பின்னும் மூன்றாம் வகை நீடிக்குமாயின், அம்மாணவர் உரிய மதிப்பீட்டுக்கு அனுப்பப்பட வேண்டியவர். முதலிரு வகைகளைக் கொண்டு ஒருவரைக் குறைபாடுடையவர் எனக் கருதுவதும், மூன்றாம் வகையைக் கவனக்குறைவு எனத் தண்டிப்பதும் ஒருசேரத் தவிர்க்கப்பட வேண்டும். இப்பகுப்பு வகுப்பறைக் களஆய்வால் சோதித்துச் செப்பம் செய்யத்தக்கது.

இத்தகைய அடிப்படை தமிழுக்கு உடனடித் தேவையாகும். இந்திய மொழிகளுக்கென 2015இல் வெளிவந்த 'டாலி' என்னும் வாசிப்புக் குறைபாட்டு மதிப்பீட்டுத் தொகுப்பு முதற்கட்டத்தில் இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் ஆகிய மொழிகளில் அமைந்தது. தமிழ் அவ்வரிசையில் இல்லை.

6. மொழிப்பாட விலக்கு: துணையும் இழப்பும்

2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பாடத்திட்டத்திலும் தேர்விலும் செய்யத்தக்க மாற்றங்களாகக் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப்பாடங்களிலிருந்து விலக்கு ஆகியவற்றைச் சுட்டுகின்றது. தமிழ்நாட்டின் பொதுத்தேர்வுகளிலும் இத்தகைய சலுகைகள் நடைமுறையில் உள்ளன. மூன்றையும் ஒரே தன்மையன எனக் கருதுவதற்கில்லை. கூடுதல் நேரமும் எழுதுநரும் மாணவர் பாடத்தை அடைவதற்கான வழியைத் திருத்துகின்றன. பாடம் அவரிடமே இருக்கின்றது. மொழிப்பாட விலக்கோ பாடத்தையே அகற்றுகின்றது.

விலக்கால் விளையும் நன்மை மறுக்கத்தக்கதன்று. ஒரு மொழியில் எழுதவே போராடும் மாணவரிடம் இரு மொழிகளின் எழுத்துத் தேர்வைத் திணிப்பது, ஏனைய பாடங்களில் அவர் பெறக்கூடிய வெற்றியையும் கெடுக்கும். மேற்படிப்புக்குச் செல்லும் வாயில் இச்சலுகையால் பலருக்குத் திறந்துள்ளது. ஆயின் ஆங்கில வழியில் பயிலும் மாணவர் ஒரு மொழியை விட வேண்டிய நிலையில், பிற பாடங்களுக்கெல்லாம் வாயிலான ஆங்கிலத்தை விட இயலாது. விடத்தக்கதாக எஞ்சுவது தமிழே. 2006ஆம் ஆண்டின் தமிழ்நாடு தமிழ் கற்றல் சட்டம் 10ஆம் வகுப்பு வரை ஒவ்வொரு குழந்தையையும் தமிழ் வகுப்புக்குள் கொண்டுவர முனைந்தது. வாசிப்புக் குறைபாடுடைய குழந்தை மட்டும் வேறொரு கதவு வழியாக வெளியேறுகின்றது.

இதன் விளைவு தேர்வோடு முடிவதில்லை. வீட்டு மொழியில் கடிதம், அறிவிப்பு, செய்தித்தாள் ஆகியவற்றை வாசிக்க இயலாதவராக அவர் வளர்கின்றார். தமிழ்நாட்டுக்குள் வாடிக்கையாளரோடும் பொதுமக்களோடும் தொடர்புடைய பணிகளில், பள்ளியில் விடப்பட்ட எழுத்து மீண்டும் எதிர்ப்படுகின்றது.

விலக்கை நீக்குவது இதற்குத் தீர்வாகாது. அது துணையின்றித் தண்டிப்பதாகும். விலக்கு வேண்டாத அளவுக்குக் கற்பித்தலை மாற்றுவதே தீர்வு. கேட்டல், பேசுதல் ஆகியவற்றுக்கு மதிப்பெண் அளிக்கும் படிநிலைத் தமிழ்த்தாள், குறுகிய சொற்களும் பிரித்தெழுதிய தொடர்களும் கொண்ட வாசிப்பு நூல்கள், எழுத்தோடு இணைந்த ஒலிப்பதிவுகள் ஆகியன இம்மாற்றத்தின் கூறுகள். அமெரிக்காவில் சாமுவேல் ஆர்ட்டனும் அன்னா கில்லிங்காமும் 1930களில் உருவாக்கிய கற்பித்தல் முறையில் எழுத்தைக் காணுதல், ஒலித்தல், கேட்டல், விரலால் வரைதல் ஆகியன ஒரே நேரத்தில் நிகழ்கின்றன. மணலில் விரலால் எழுதி உரக்கச் சொல்லிப் பழகிய திண்ணைப் பள்ளி வழக்கத்தோடு இது ஒத்திருக்கின்றது. திண்ணைப் பள்ளியின் கடுந்தண்டனைகளை விடுத்து அதன் பல்புலப் பயிற்சியை மட்டும் மீட்டெடுக்கலாம். அங்கும் நன்னூலார் கூறிய வெகுளாமையே முதல் நிபந்தனையாகும்.

7. ஆட்டிசமும் தமிழின் பயன்பாட்டு நெறிகளும்

ஆட்டிசம் உடையோர்க்கு இடர் பெரும்பாலும் எழுத்தைவிட வழக்கில் உள்ளது. 'தண்ணீர் வேண்டுமா?' என்று கேட்கப்பட்ட குழந்தை, தனக்குத் தாகம் எடுக்கும்போது அவ்வினாவையே சொல்லிக் கேட்பதுண்டு. நன்னூலின் கிளி உவமை போன்று இதனை வெறும் ஒப்புவித்தலாகக் கொள்வது நெடுங்கால வழக்கம். பிரிசன்ட், டூக்கன் ஆகியோர் 1981இல் வெளியிட்ட ஆய்வு, இவ்வாறு திருப்பிச் சொல்லுதல் வேண்டுதல், உடன்படுதல், உரையாடலில் தன் முறையை நிரப்புதல் முதலிய நோக்கங்களுடன் நிகழ்கின்றது எனக் காட்டியது. திருப்பிச் சொல்லும் குழந்தை பேச மறுப்பதில்லை. தன்னிடம் உள்ள தொடரைக் கொண்டு பேசுகின்றது.

தமிழின் மூவிடப் பெயர்கள் இடத்தையும் உறவையும் ஒருசேரக் குறிக்கின்றன. நீ, நீங்கள் என்பவற்றுள்ளும் அவன், அவர் என்பவற்றுள்ளும் எதனைத் தேர்வது என்பது வயது, பதவி, நெருக்கம் ஆகியவற்றைப் பொறுத்தது. கேட்போரை உளப்படுத்தும் 'நாம்', உளப்படுத்தாத 'நாங்கள்' என்னும் வேறுபாட்டுக்குக் கேட்போரின் நிலையையும் கருத வேண்டியுள்ளது. ஆசிரியரை 'நீ' என விளிக்கும் ஆட்டிச மாணவர் அவமதிக்கவில்லை. மரியாதையின் விதி அவருக்கு வெளிப்படையாகக் கற்பிக்கப்படவில்லை.

மறைமுக வழக்குகளும் இத்தகையன. விடைபெறும்போது 'போய் வருகிறேன்' என்பதைக் கேட்டு எப்போது வருவார் எனக் காத்திருப்பதும், மறுப்பைக் குறிக்கும் 'பார்க்கலாம்' என்பதை உறுதிமொழியாகக் கொள்வதும் சொல்லைச் சொல்லாகவே நம்புவதன் விளைவு. டேமியன் மில்டன் 2012இல் முன்வைத்த கருத்தின்படி, இவ்விடத்தில் புரியாமை இருபுறமும் உள்ளது. ஆட்டிசம் உடையோர் பிறரைப் புரிந்துகொள்ளாதது போலவே பிறரும் அவர்களைப் புரிந்துகொள்வதில்லை. சொல்லுக்கும் குறிப்புப் பொருளுக்கும் உள்ள உறவைத் தமிழ் இலக்கண மரபு நுட்பமாக வகுத்துள்ளது. வெளிப்படை, குறிப்பு என்னும் அப்பகுப்பை அன்றாட உரையாடலுக்கு விரித்துப் பாடமாக்குவது தமிழாசிரியரால் இயலும் பணியாகும்.

8. பணியிடம்

சட்டம் அரசுப் பணியில் அளிக்கும் 4 விழுக்காட்டில், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு ஆகிய அனைத்துக்கும் சேர்த்து 1 விழுக்காடே உரியது. அதனைப் பெறவும் 40 விழுக்காட்டுக்குக் குறையாத பாதிப்புச் சான்று தேவை. 2021இல் உச்சநீதிமன்றம் விகாஷ் குமார் வழக்கில் அளித்த தீர்ப்பு இவ்வெல்லையை ஒரு வகையில் கடந்தது. எழுதுவதில் இடர்ப்பாடு கொண்ட அத்தேர்வர், 40 விழுக்காட்டு அளவை எட்டாவிடினும் எழுதுநரைப் பெற உரிமையுடையவர் என அது அறிவித்தது. ஒதுக்கீடு வேறு, ஒருவரின் தேவைக்கேற்ப வழியைத் திருத்தித் தருதல் வேறு என்னும் இத்தெளிவு, கொள்வகை என்னும் கருத்துக்குச் சட்ட வடிவம் தருவதாக அமைகின்றது.

பணிக்குரிய திறன் இருந்தும் நேர்காணலிலேயே ஆட்டிசம் உடையோர் பலர் விலக்கப்படுகின்றனர். கண்ணை நோக்கிப் பேசுதல், தன்னைப் பற்றிப் பொதுப்படச் சொல்லுதல், வினாவின் உட்கருத்தை ஊகித்தல் ஆகியவற்றையே நேர்காணல் அளக்கின்றது. 2004இல் தார்கில் சோன் என்பவர் டென்மார்க்கில் தொடங்கிய ஸ்பெஷலிஸ்டெர்ன் என்னும் நிறுவனம், வழக்கமான நேர்காணலுக்கு மாற்றாகச் செயல்வழித் தேர்வைக் கையாண்டு ஆட்டிசம் உடையோரை மென்பொருள் சோதனை முதலிய பணிகளில் அமர்த்தியது. செய்ய வேண்டிய வேலையைச் செய்ய வைத்தே திறனை அறிதல் இதன் அடிப்படை. ஏரைக் கையில் கொடுத்த உழவரின் முறையும் இதுவே.

பணியில் அமர்ந்தபின் மொழியே மீண்டும் துணையாகவோ தடையாகவோ அமைகின்றது. 'நேரம் கிடைக்கும்போது பாருங்கள்' என்று மேலாளர் கூறுவது, உடனே செய்ய வேண்டும் என்பதைக் குறிக்கலாம். 'இன்று மாலை 4 மணிக்குள் முடித்துத் தாருங்கள்' என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. வாய்மொழி ஆணையை எழுதித் தருவது ஆட்டிசம் உடையோர்க்கும், எழுத்தாணையை வாய்மொழியாகவும் சொல்வது வாசிப்புக் குறைபாடுடையோர்க்கும் உதவும். இவற்றால் பெருஞ்செலவு நேர்வதில்லை. யாருக்கு எது வேண்டும் எனக் கேட்டறிவதே தேவை.

9. முடிவுரை

இவ்வாய்வால் பெறப்படும் முடிவுகள் பின்வருமாறு:

நன்னூல் பொதுப்பாயிரத்தில் மாணவரை வகைப்படுத்தி ஒதுக்கும் நெறியும், அவர் கொள்வகை அறிந்து கற்பிக்கும் நெறியும் அருகருகே உள்ளன. முன்னதை அதன் காலத்துக்கு விடுத்துப் பின்னதை இன்றைய கல்விக்கு உரியதாக்குவது பொருந்தும்.

ஆட்டிசம் உடையோரின் வாழ்க்கைப் போக்கில் சூழலின் பங்கு பெரிது என்பதைக் கானரின் 1943, 1971ஆம் ஆண்டுப் பதிவுகள் காட்டுகின்றன.

தமிழில் வாசிப்புக் குறைபாடு எழுத்து வடிவம், ஒலிமாற்றம், இரட்டை வழக்கு ஆகிய மூன்று நிலைகளில் தனித்தன்மையுடன் வெளிப்படுகின்றது. ஆங்கிலம் சார்ந்த அளவுகோல்கள் இதற்குப் போதா.

மொழிப்பாட விலக்கு தேவையான இடைக்காலத் துணை. அதுவே நிலையான விடையானால், தமிழ் எழுத்து அம்மாணவரின் கல்வியிலிருந்தும் பணி வாழ்விலிருந்தும் அகன்றுவிடும்.

பிழை வகைகளைத் தொகுத்தல், தமிழுக்குரிய மதிப்பீட்டுச் சொற்பட்டியல்களை உருவாக்கல், படிநிலை வாசிப்பு நூல்களை எழுதுதல், குறிப்புப் பொருள் வழக்குகளைப் பாடமாக்கல் ஆகிய நான்கும் உளவியலாரும் மருத்துவரும் தனித்து நிறைவேற்ற இயலாத பணிகள். இவற்றுக்குத் தமிழின் ஒலியனியலும் எழுத்தியலும் பொருளியலும் அறிந்தோர் வேண்டும். பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் இப்பணியை ஏற்கும்போது, தமிழைக் கண்டு தடுமாறும் மாணவர் வெளியேற்றப்படாமல் தமிழ் வகுப்பில் தமக்குரிய இடத்தைப் பெறுவர்.